அரபு நாட்டு உயர்கல்வி: மேற்கிலிருந்து வந்ததும் அங்கே வேர் பிடித்ததும்

2024 ஏப்ரலில் நம் சங்கத்தின் சித்திரைத் திருநாள் விழா முடிந்து, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அமர்ந்த நண்பர் மெல்லக் கேட்டார்: "சார், நீங்க அந்தப் பக்கமெல்லாம் வேலை பார்த்தவர். என் பேத்தி தோஹாவிலே பன்னிரண்டாவது முடிக்கிறா. அங்கேயே இருக்கிற அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலே கெமிக்கல் இன்ஜினியரிங் சேரணும்னு ரெண்டு வருஷமா ஆசைப்பட்டுக்கிட்டிருந்தா. இப்ப அதை மூடப் போறாங்களாம். அவ்வளவு பெரிய கட்டடம், அவ்வளவு பணம். எப்படி சார் மூட முடியும்?"

அவர் குறிப்பிட்டது டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் தோஹா கிளையை. 2003-ல் தொடங்கப்பட்ட அந்தக் கிளையை 2028-க்குள் முடித்துக்கொள்வதென்று, 2024 பிப்ரவரியில் டெக்சாஸில் கூடிய அதன் ஆட்சிக் குழு வாக்கெடுத்துத் தீர்மானித்திருந்தது. நண்பரின் கேள்விக்குச் சாம்பார் சாதத்திற்கும் பாயசத்திற்கும் இடையில் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டிற்கு வந்து பழைய குறிப்பேடுகளையும் நூலகப் புத்தகங்களையும் புரட்டினேன். அதன் விளைவே இக்கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் பேராசிரியன் அல்லன். சிவில் டிப்ளமோ படித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, பாதைப் பராமரிப்புப் பிரிவிலேயே காலத்தைக் கழித்து 2018-ல் ஓய்வு பெற்றவன். இடையில் 1985 முதல் 1987 வரை ஈராக்கில் ஒரு ரயில் பாதைப் பணியில் இருந்தேன். அங்கு பார்த்த ஒன்றுதான், அரபு நாட்டுக் கல்வியைப் பற்றிய ஆர்வத்தை எனக்குள் விதைத்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முன்பு ஓடிய திசை

மேற்கிலிருந்து அறிவு கிழக்கே வந்தது என்று நாம் பேசுகிறோம். ஒரு காலத்தில் அது எதிர்த்திசையில் ஓடியது. கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பத்தாம் நூற்றாண்டில் தோன்றியது. மொராக்கோவின் ஃபெஸ் நகரிலுள்ள கரவிய்யீன் 859-ல் தோன்றியதாகவும், அதை எழுப்பியவர் ஃபாத்திமா என்ற பெண்மணி என்றும் மரபு சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலிடோ நகரில் அமர்ந்து, ஜெரார்டு என்ற இத்தாலியர் அரபு நூல்களை வரிசையாக லத்தீனில் பெயர்த்தார். இப்னு சீனாவின் மருத்துவ நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பதினேழாம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது. நாம் பள்ளியில் படித்த 'அல்ஜீப்ரா' என்ற சொல்லே அரபுச் சொல்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பியர் அந்த அறிவைப் பெறும்போது தங்கள் மாணவர் அனைவரையும் அரபு படிக்கச் சொல்லவில்லை. சிலர் அரபு கற்றார்கள். அவர்கள் மற்றவர்களுக்காக லத்தீனில் எழுதி வைத்தார்கள். பின்னாளில் அரபு நாடுகள் ஐரோப்பாவிடமிருந்து கற்க முற்பட்டபோது, எந்த மொழியில் கற்பது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. கடந்த இருநூறு ஆண்டுக் கதை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

கெய்ரோ: மொழிபெயர்ப்பாளர் நின்ற வகுப்பறை

1798-ல் நெப்போலியனின் படை எகிப்தில் இறங்கியது. படையோடு விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் வந்தார்கள். மூன்றே ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வெளியேறினாலும், அவர்களுடைய பீரங்கியும் அச்சு இயந்திரமும் எகிப்தியரை யோசிக்க வைத்தன. 1805-ல் ஆட்சிக்கு வந்த முகமது அலி பாஷா, புதிய படைக்கு மருத்துவரும் பொறியாளரும் வேண்டும் என்று கண்டுகொண்டார். அவருடைய நோக்கம் கல்வித் தொண்டு அல்ல, படைபலம்தான். ஆனாலும் அதன் வழியே பள்ளிகள் எழுந்தன.

1827-ல் கெய்ரோவுக்கு அருகே அபூ ஸாபலில், கிளோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் தலைமையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் பெரும்பாலும் அல்-அஸ்ஹரிலிருந்து வந்தவர்கள். அரபு இலக்கணத்தில் தேர்ந்தவர்கள். பிரெஞ்சில் ஒரு சொல்லும் அறியாதவர்கள். ஆசிரியருக்கோ அரபு தெரியாது. ஆகவே வகுப்பறையில் மூன்றாவதாக ஒருவர் நின்றார். ஆசிரியர் பிரெஞ்சில் சொல்வதை அவர் அரபியில் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வர். எளிய வேலை அல்ல. மொழிபெயர்ப்பாளருக்கு மருத்துவம் தெரியாது. அவரும் பாடம் கற்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தொல்லையிலிருந்து அரபியில் மருத்துவ நூல்கள் பிறந்தன. கெய்ரோவின் பூலாக் அச்சகம் அவற்றை அச்சிட்டது. 1832-ல் பெண்களுக்கென்று மருத்துவச்சிப் பள்ளியும் ஏற்பட்டது. 1834-ல் பூலாக்கில் பொறியியல் பள்ளி பாரிஸ் நகரத்து மாதிரியில் அமைந்தது.

இதே காலத்தில், 1826-ல், நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாரிசுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குத் தொழுகை நடத்தச் சென்றவர் ரிஃபாஆ அல்-தஹ்தாவி என்ற இளம் அல்-அஸ்ஹர் அறிஞர். வயது இருபத்தைந்து. அவரைப் படிக்க அனுப்பவில்லை. ஆனால் போனவர்களில் அதிகம் படித்தவராகத் திரும்பியவர் அவரே. ஐந்தாண்டு பாரிஸ் வாழ்க்கையை 1834-ல் நூலாக வெளியிட்டார். 1835-ல் தொடங்கிய மொழிகள் பள்ளி அவர் தலைமையில் வளர்ந்தது. அவரும் அவர் மாணவர்களும் பிரெஞ்சு நூல்களை நூற்றுக்கணக்கில் அரபியாக்கினார்கள். இல்லாத சொற்களுக்குப் பழைய நூல்களில் தேடினார்கள். கிடைக்காவிட்டால் புதிதாக ஆக்கினார்கள். அதுவும் முடியாவிட்டால் பிரெஞ்சுச் சொல்லையே அரபு எழுத்தில் எழுதினார்கள்.

ஒரு மன்னரின் விருப்பத்தில் எழுந்தது இன்னொருவரின் வெறுப்பில் விழும். முகமது அலிக்குப் பின் வந்த அப்பாஸ் பள்ளிகள் பலவற்றை மூடினார். தஹ்தாவியைச் சூடானுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் பள்ளி மூடப்பட்ட பிறகும், அங்கு படித்தவர்களும் அச்சான நூல்களும் நாட்டில் இருந்தன. பின்னர் தஹ்தாவி திரும்பி வந்து, 1873-ல் இறக்கும் வரை பணி செய்தார்.

நம்மைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்குப் பிடித்தமான ஒருவர் இங்கே வருகிறார். அலி முபாரக், சிற்றூரில் பிறந்து, பூலாக் பொறியியல் பள்ளியில் படித்து, 1844-ல் பிரான்சுக்குச் சென்று பயின்றவர். எகிப்தில் ரயில் 1854-ல் ஓடத் தொடங்கியது. நம் பம்பாய்–தாணா ரயிலுக்கு ஒரே ஆண்டு பின்னால். 1860-களின் இறுதியில் ரயில்வே, பொதுப்பணி, கல்வி ஆகிய மூன்றும் இந்த ஒரே பொறியாளரின் பொறுப்பில் இருந்தன. அவர் 1872-ல் தாருல் உலூம் என்ற ஆசிரியர் கல்லூரியை ஏற்படுத்தினார். அல்-அஸ்ஹரின் பழைய கல்வியில் தேறியவர்களுக்குப் புதிய பாடங்களையும் கற்பித்து, பள்ளிகளுக்கு ஆசிரியராக்குவதே அதன் வேலை. பழையதை இடித்துப் புதியதைக் கட்டாமல், இரண்டையும் இணைக்கப் பார்த்த அவருடைய யோசனை பொறியாளருக்கே உரியது என்று எனக்குத் தோன்றும்.

பெய்ரூட்: மொழி மாறிய கல்லூரி

1866 டிசம்பரில் பெய்ரூட்டில் அமெரிக்க மதபோதகர்கள் 16 மாணவர்களுடன் சிரியன் புராட்டஸ்டண்ட் கல்லூரியைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் டேனியல் பிளிஸ். இன்றைய பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதுவே. 1920-ல் அந்தப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் அங்கு எல்லாப் பாடமும் அரபியில்தான். கொர்னீலியஸ் வான் டைக் என்ற அமெரிக்க மருத்துவர் அரபியை உள்ளூர்ப் புலவரைப் போலக் கற்று, வேதியியல், மருத்துவம் முதலிய துறைகளில் அரபியிலேயே பாடநூல் எழுதினார்.

தமிழ் வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். அதே பாஸ்டன் நகரத்து மிஷன் சபை, அதே காலத்தில், யாழ்ப்பாணத்துக்கும் ஒரு மருத்துவரை அனுப்பியிருந்தது. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் வந்து, மானிப்பாயில் தங்கி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களை வெளியிட்டார். ஒரே சபையிலிருந்து சென்ற இருவர், ஒருவர் அரபியிலும் மற்றவர் தமிழிலும் ஒரே வேலையைச் செய்தார்கள். இரண்டு இடத்திலும் முடிவும் ஏறக்குறைய ஒன்றே. கிரீன் ஊர் திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. பெய்ரூட்டில் 1880-களில் அரபி படிப்படியாக விலக்கப்பட்டு ஆங்கிலம் வந்தது.

ஏன் மாறியது? வஞ்சகம் என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமாகாது. மேலைநாட்டில் ஆண்டுதோறும் புதிய நூல் வருகிறது, மொழிபெயர்ப்பு பின்தங்குகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் புதிய ஆசிரியர்கள் அரபு கற்கப் பல ஆண்டு ஆகிறது. மாணவரின் பெற்றோரே, வேலைக்கு உதவும் ஐரோப்பிய மொழி வேண்டும் என்கிறார்கள். பக்கத்திலேயே 1875-ல் பிரெஞ்சு ஏசு சபையார் தொடங்கிய புனித யோசேப்பு பல்கலைக்கழகம் போட்டிக்கு நிற்கிறது. இந்தக் காரணங்கள் நமக்கும் பழக்கமானவையே.

1882-ல் இன்னொரு சோதனை வந்தது. எட்வின் லூயிஸ் என்ற பேராசிரியர் பட்டமளிப்பு நாள் உரையில் டார்வினைப் பாராட்டிப் பேசினார். நிர்வாகம் சினந்தது, அவர் விலக நேர்ந்தது. வான் டைக்கும் மனம் கசந்து விலகினார். மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜுர்ஜி ஸைதான் மருத்துவப் படிப்பை விட்டுக் கெய்ரோ சென்று, 1892-ல் அல்-ஹிலால் என்ற இதழைத் தொடங்கிப் புகழ்பெற்றார். மேற்கு ஒரே குரலில் பேசவில்லை என்பதற்கு இது சான்று. டார்வினைச் சொன்னவரும் அமெரிக்கர். அவரை விலக்கியவர்களும் அமெரிக்கர்.

அந்தக் கல்லூரியின் பயனையும் மறைக்கக் கூடாது. 1945-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபை உருவான மாநாட்டில் அதன் பழைய மாணவர்கள் 19 பேர் பிரதிநிதிகளாக அமர்ந்தனர் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமை. அரபு தேசியம் பேசிய அறிஞர் பலரும் அங்கே படித்தவர்களே. நம் நாட்டில் ஆங்கிலக் கல்வி கற்றவர்களே ஆங்கில ஆட்சியை எதிர்த்தது போல.

மறுக்கப்பட்ட பல்கலைக்கழகம்

1882-ல் பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியது. 1907 வரை அதிகாரம் செலுத்திய கிரோமர் பிரபு, கல்விக்குப் பணம் ஒதுக்கத் தயங்கினார். இந்தியாவில் பல்கலைக்கழகம் வைத்ததால்தான் அரசியல் கிளர்ச்சியாளர்கள் உருவானார்கள் என்பது அவர் போன்றோரின் எண்ணம். இலவசக் கல்வி குறைந்தது. மருத்துவப் பள்ளியில் அரபி போய் ஆங்கிலம் வந்தது. ஆக, மேலை ஆட்சி என்றால் மேலைக் கல்வி பெருகும் என்று எண்ணிவிடக் கூடாது. பல இடங்களில் அது கல்வியைத் தடுத்தே வைத்தது. அல்ஜீரியாவிலும் அப்படியே. 1909-ல் அங்கு அமைந்த பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுக் குடியேறிகளின் பிள்ளைகளே நிறைந்திருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அல்ஜீரிய முஸ்லிம் மாணவர் சில நூறு பேரே.

எகிப்தியர் தாங்களே பணம் திரட்டினார்கள். 1908 டிசம்பர் 21-ல் கெய்ரோவில் தனியார் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. இளவரசி ஃபாத்திமா நிலமும் தம் நகைகளும் கொடுத்தார். ஐரோப்பியப் பேராசிரியர்கள் வந்தார்கள். ஆனால் நிபந்தனை வேறு. இத்தாலியரான நல்லீனோ, அரேபியரின் வானியல் வரலாற்றை அரபியிலேயே விரிவுரையாற்றினார். மேற்கின் ஆராய்ச்சி முறை வந்தது, அரபு மொழியில்.

அந்த முதல் அணியில் சேர்ந்தவர் தாஹா ஹுசைன். சிறு வயதிலேயே கண்பார்வை இழந்த கிராமத்துப் பிள்ளை. அல்-அஸ்ஹரில் படித்து அங்கு மனம் நிறையாதவர். 1914-ல் புதிய பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டம் அவருக்கே கிடைத்தது. பிறகு பாரிசிலும் ஒன்று பெற்றார். 1926-ல், இஸ்லாத்துக்கு முற்பட்டவை எனப்பட்ட அரபுக் கவிதைகள் உண்மையில் பிற்காலத்தவை என்று ஐயம் எழுப்பி நூல் எழுதினார். பெரும் புயல் கிளம்பியது. 1932-ல் அரசு அவரைக் கல்லூரித் தலைவர் பதவியிலிருந்து நீக்கியபோது, பல்கலைக்கழகத் தலைவர் லுத்ஃபி அஸ்-ஸய்யித் தாமும் பதவியைத் துறந்தார். இந்தத் துணிவு கட்டடத்தோடு இறக்குமதியாவதல்ல. பின்னர் 1950-ல் தாஹா ஹுசைன் கல்வி அமைச்சரானார். கல்வி என்பது தண்ணீரும் காற்றும் போல எல்லோருக்கும் உரியது என்பது அவர் கொள்கை. இன்றைய கெய்ரோ பல்கலைக்கழகம் அந்த 1908-ன் தொடர்ச்சியே.

டமாஸ்கஸில் வேறொரு சோதனை நடந்தது. துருக்கிய மொழியில் நடந்த மருத்துவப் பள்ளியை 1919-ல் அரபுவழிக்கு மாற்றினார்கள். அடுத்து வந்த பிரெஞ்சு ஆட்சியிலும் பேராசிரியர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கலைச்சொற்களை ஆக்கினார்கள். இன்றும் சிரியாவில் மருத்துவம் அரபியில்தான் கற்பிக்கப்படுகிறது. அங்கு படித்தவர் வெளிநாடு செல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தைத் தனியே கற்க வேண்டும். அது தொல்லைதான். ஆனால் நோயாளியிடம் பேசுவதற்குத் தனியே மொழி கற்க வேண்டியதில்லை.

ஈராக்கில் நான் செய்த தவறு

ஈராக்கில் பிரிட்டிஷ் முத்திரை அழுத்தமாக இருந்தது. பாக்தாத் மருத்துவக் கல்லூரி 1927-ல் ஆங்கிலவழியில் தொடங்கியது. 1957-ல் பாக்தாத் பல்கலைக்கழகம் அமைந்தது. அதன் வளாகத்தை வரைந்தவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ். அமெரிக்க ஏசு சபையார் 1956-ல் தொடங்கிய அல்-ஹிக்மா பல்கலைக்கழகத்தை 1968-ல் அரசு எடுத்துக்கொண்டு அவர்களை வெளியேற்றியது.

நான் போனபோது ஈரானோடு போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வேலை தெற்கே, யூப்ரடீஸ் ஆற்றை ஒட்டிய சமவெளியில். வரைபடங்கள் ஆங்கிலத்தில், கூலியாட்கள் பல நாட்டவர், பெரும்பாலோர் அரபு பேசுவோர். தண்டவாளங்களுக்கு இடையே விடும் இடைவெளி எவ்வளவு என்பதை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். விடியற்காலைக் குளிரில் 6 மில்லிமீட்டர் தகடு வைத்து இணைக்க வேண்டும்; வெயில் ஏறிய பின் 2 மில்லிமீட்டர் போதும். கணக்கு சரி. ஆனால் அது பலர் வாய் வழியாகப் போனபோது காலையும் மதியமும் இடம் மாறிவிட்டன. விடியலில் 2 மில்லிமீட்டர் விட்டு இணைத்துவிட்டார்கள். நண்பகலில் நீண்ட தண்டவாளத்துக்கு இடம் போதவில்லை. நான் டிராலியில் வந்து பார்த்தபோது பாதை பாம்பு போல ஒரு பக்கம் வளைந்து கிடந்தது. ரயில் ஓடத் தொடங்காத பாதையாதலால் உயிர்ச்சேதம் இல்லை. ஓடும் பாதையாக இருந்திருந்தால்? அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எங்களோடு பணிபுரிந்த ஈராக்கிய இளம் பொறியாளர், பாக்தாதில் படித்தவர், மறுநாள் ஒரு வேலை செய்தார். என் ஆங்கிலக் குறிப்பைக் கிழித்துப் போடாமல், பக்கத்தில் அரபியில் ஒரு சிறு அட்டவணை எழுதினார்: சூரியன் எழும் முன், எழுந்த பின், உச்சி. தகடுகளுக்கு மூன்று வண்ணம் பூசினார். சில சொற்களுக்கு அவரே தடுமாறினார். அவர் படித்ததும் ஆங்கிலப் புத்தகங்களில்தானே. தண்டவாளம் மெல்ல மெல்ல நகர்ந்து போவதை நாங்கள் 'கிரீப்' என்போம். அதற்கு அவருக்கு அரபுச் சொல் கிடைக்கவில்லை. அருகிலிருந்த முதிய மேஸ்திரி, "அது நடக்கிறது" என்று அரபியில் சொன்னார். பொறியாளர் சிரித்துக்கொண்டே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்கு என் பாலிடெக்னிக் முதல் ஆண்டு நினைவு வந்தது. தமிழ்வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் போனவன். 'மோமென்ட்' என்றால் என்னவென்று மூன்று மாதம் புரியவில்லை. முதல் தேர்வில் இயந்திரவியலில் தோற்றேன். பட்டறையில் இருந்த ஒரு பயிற்றுநர்தான், "உங்க ஊர்ல ஏற்றம் இறைச்சிருக்காங்களாடா? ஆள் ஏன் நுனிக்கு நடந்து போறான்?" என்று கேட்டார். ஒரு நொடியில் விளங்கியது. விளங்கிய பிறகு ஆங்கிலச் சூத்திரம் எளிதாகிவிட்டது.

எண்ணெய்ப் பணமும் கிளைக் கல்லூரிகளும்

வளைகுடா நாடுகளில் கதை தாமதமாகத் தொடங்கி வேகமாக ஓடியது. சவூதியில் ரியாத் பல்கலைக்கழகம் 1957-ல் ஏற்பட்டது. 1963-ல் தஹ்ரானில் அமைந்த பெட்ரோலியக் கல்லூரி ஆங்கிலவழியில் அமெரிக்க மாதிரியைப் பின்பற்றியது. இன்று அது மன்னர் ஃபஹத் பல்கலைக்கழகம். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியப் பல்கலைக்கழகம் 1976-ல் வந்தது. அங்கெல்லாம் பெண்கள் பெருமளவில் படிக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இது மெச்சத்தக்க மாற்றம்.

அடுத்த கட்டத்தில் பல்கலைக்கழகத்தையே கொண்டுவந்தார்கள். கத்தாரின் தோஹாவில் கல்வி நகரம் என்ற வளாகத்தில் 1998-ல் வர்ஜீனியாவின் கலைக் கல்லூரி வந்தது. பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரி 2001-லும், டெக்சாஸ் 2003-லும், கார்னகி மெலன் 2004-லும், ஜார்ஜ்டவுன் 2005-லும், நார்த்வெஸ்டர்ன் 2008-லும் வந்தன. செலவு கத்தாருடையது, பட்டம் அமெரிக்காவினுடையது. அபுதாபியில் சோர்போன் 2006-லும், நியூயார்க் பல்கலைக்கழகம் 2010-லும் வந்தன. நம் நாட்டுப் பிலானி 2000 முதல் துபாயில் இருக்கிறது, டில்லி ஐ.ஐ.டி. 2024-ல் அபுதாபியில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வெளியூர்க் கல்வி என்றால் மேற்கு மட்டுமே என்ற நிலையும் மாறி வருகிறது.

இவற்றின் தரம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பெண்பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பத் தயங்கும் குடும்பத்துக்கு, வீட்டிலிருந்தே உலகத் தரமான கல்வி கிடைப்பது சிறிய நன்மையா? ஆனால் இரண்டு இடையூறுகள் உண்டு.

முதலாவது, பாதை மாறும் சந்திப்பு. மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றியது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நாள் வீணாகும், சாக்கு கிழியும், சிந்தும். அரபியில் பள்ளிக் கல்வி, ஆங்கிலத்தில் கல்லூரி என்றால் மாணவர் மனத்தில் அதே வேலை நடக்கிறது. அதற்காகவே வளைகுடாப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆயத்த ஆண்டு வைத்தார்கள். கத்தார் இதை மாற்ற முயன்றது. 2012-ல் கத்தார் பல்கலைக்கழகத்தில் சட்டம், வணிகம் போன்ற துறைகள் அரபுவழிக்குத் திருப்பப்பட்டன. அல்ஜீரியாவோ 2023-ல் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்குப் போக முனைந்தது. ஒரு அன்னிய மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் வண்டிதான் வேறாகும். இறக்கி ஏற்றும் வேலை மிஞ்சும்.

இரண்டாவது, கடிவாளம் யார் கையில் என்பது. தோஹாவில் இருந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கிளை 2020-ல் மூடியது. டெக்சாஸ் கிளையை மூடும் முடிவுக்கு, 2023 அக்டோபருக்குப் பின் அந்த வட்டாரத்தில் நிலவிய போர்ச்சூழலையும், சொந்த மாநிலப் பணிக்கே முதலிடம் என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். படிக்கும் மாணவர்கள் முடித்துச் செல்ல அவகாசமும் கொடுத்தார்கள். அவர்கள் நோக்கில் அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் தோஹா மாணவியின் எதிர்காலம் டெக்சாஸில் ஒரு மேசையைச் சுற்றி முடிவாகிறது. அந்த மேசையில் அவளுக்கு நாற்காலி இல்லை. நண்பர் கேட்டாரே, எப்படி மூட முடியும் என்று. பதில் இதுதான்: கட்டடம் கத்தாருடையது, கல்லூரி கத்தாருடையதல்ல.

நாம் கொள்ள வேண்டியது

மேலைநாட்டுச் செல்வாக்கு நன்றா தீதா என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. கேள்வியே சரியில்லை என்று தோன்றுகிறது. அரசரின் ஆணையாலும், மதபோதகரின் முயற்சியாலும், ஆட்சியாளரின் தடையாலும், எண்ணெய்ப் பணத்தாலும் அது வந்தது. எது நிலைத்தது என்று பார்த்தால் ஒன்று தெளிகிறது. உள்ளூர் மனிதர் அதைத் தம் மொழியில் எழுதி, தம் கையால் நடத்தி, அதற்காக இழப்பையும் ஏற்ற இடத்தில் அது வேர் பிடித்தது. தஹ்தாவியின் பள்ளி மூடப்பட்டும் அவர் வேலை மூடப்படவில்லை. வெளிமொழி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தஹ்தாவிக்குப் பிரெஞ்சும் வான் டைக்குக்கு அரபியும் தெரியாதிருந்தால் ஒன்றும் நடந்திராது. கற்றவன் திரும்பி வந்து தன்னவர்க்குச் சொல்ல வேண்டும் என்பதே பொருள்.

நம் சங்கத்து இளைஞர் வாசிப்பு வட்டத்தில் பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்:

1. பெய்ரூட் கல்லூரி அரபியை விட்டதற்குச் சொன்ன காரணங்களில் எவை இன்றும் பொருந்தும்? எவற்றுக்கு இன்று மாற்று உண்டு?

2. டமாஸ்கஸ் மருத்துவ மாணவர், பெய்ரூட் மருத்துவ மாணவர்: யாருக்கு எந்த இடத்தில் கூடுதல் வசதி?

3. நீங்கள் படிக்கும் பாடத்தில் ஒரு கருத்தை, ஆங்கிலச் சொல் கூடியவரை இல்லாமல், உங்கள் பாட்டிக்கு விளக்க முடியுமா?

மூன்றாவது கேள்வியை நண்பரின் பேத்திக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். அவள் 2024-ல் இந்தியாவிலேயே ஒரு கல்லூரியில் கெமிக்கல் பிரிவில் சேர்ந்தாள். அடுத்த ஆண்டு விடுமுறைக்கு இங்கு வந்தபோது, கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிப்பதைப் பாட்டிக்கு விளக்கத் தொடங்கி, பாதியில் சொல் கிடைக்காமல் நின்றாளாம். பாட்டி கேட்டாராம்: "வாலையிலே ஓமத் திரவம் வடிக்கிற மாதிரிதானே?" அந்தச் சொல்லை அவள் பாடக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கும் காட்டினாள்.